வீட்டிலேயே சுருட்டு செய்வது: கலவை இருக்கட்டும், முதலில் இலையின் பதம்

கேள்வி சுருக்கமாக இது: "பத்து வருடமாகக் கடைச் சுருட்டுதான் பிடிக்கிறேன். இப்போது முழுப் புகையிலை இலைகளை வாங்கி, நானே கலந்து, நானே சுருட்டிப் பார்க்க ஆசை. எந்த இலையை எதோடு கலந்தால் நன்றாக இருக்கும்? என்னென்ன கருவிகள் வேண்டும்? கடைச் சுருட்டு அளவுக்கு வருமா?"

வரும். முதல் முப்பதில் வராது, அதற்கப்புறம் வரும்.

நீங்கள் முதலில் கேட்டிருப்பது கலவையைப் பற்றி. நானும் அங்கேதான் தொடங்கினேன். ஆறு வகை இலை வாங்கி, தராசில் கிராம் கணக்காக நிறுத்து, நோட்டில் சூத்திரம் எல்லாம் எழுதி, அழகாகப் பன்னிரண்டு சுருட்டு செய்தேன். பன்னிரண்டில் ஒன்பதை இழுக்கவே முடியவில்லை. கன்னம் உள்ளே ஒட்டும் வரை உறிஞ்சினாலும் புகை வராத சுருட்டுக்குள் நிகராகுவா இலை இருந்தால் என்ன, வைக்கோல் இருந்தால் என்ன? அதனால் உங்கள் கேள்விகளைக் கொஞ்சம் இடம் மாற்றிக்கொள்கிறேன். கலவை கடைசியில் வரும்.

முதலில் பெயர்கள். சுருட்டு மூன்று அடுக்கு. நடுவில் மடித்து வைக்கும் இலைகள் ஃபில்லர். அவற்றைச் சுற்றிக் கட்டிப் பிடிக்கும் இலை பைண்டர். மேலே போர்த்தும் அழகான இலை ராப்பர். ஃபில்லர் இலை செடியில் எந்த உயரத்தில் இருந்தது என்பதைப் பொறுத்து அதன் குணம் மாறும். கியூபாக்காரர்கள் வைத்த பெயர்களைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அடிப்பகுதி இலை வொலாடோ. மெல்லியது, காரம் குறைவு, நன்றாக எரியும். நடுப்பகுதி செக்கோ; மணம் பெரும்பாலும் இதிலிருந்துதான். மேல்பகுதி லிகேரோ, வெயிலை அதிகம் வாங்கிய, தடித்த, எண்ணெய்ப் பசையுள்ள இலை. காரமும் நிகோட்டினும் இதில் கூடுதல், ஆனால் எரிய மறுக்கும். உச்சியில் மெதியோ தியெம்போ என்று ஒன்றிரண்டு இலை சில செடிகளில் மட்டும் வரும். அது இப்போது உங்களுக்குத் தேவையில்லை.

இலை வாங்கும்போது ஒரே ஒரு விஷயத்தைக் கறாராகக் கேளுங்கள்: இது புளிக்க வைத்து முடித்த இலைதானா? புகையிலையை நிழலில் தொங்கவிட்டுப் பழுப்பாக உலர்த்துவது ஒரு கட்டம். பிறகு கட்டுக்கட்டாகக் குவித்து, குவியல் தன்னால் சூடேறி, உள்ளேயிருக்கும் அம்மோனியா வெளியேறும் வரை பல வாரம், சில இலைகளுக்குப் பல மாதம், பிரித்துப் பிரித்து அடுக்குவது இன்னொரு கட்டம். இந்த இரண்டாவது கட்டம் முடியாத இலையைச் சுருட்டினால் நாக்கு எரியும், மூக்கில் காரநெடி ஏறும். பையைத் திறந்து முகர்ந்தால் தெரிந்துவிடும். வைக்கோல், தோல், கொஞ்சம் கோகோ மாதிரி வாசம் வந்தால் சரி. கண்ணில் நீர் வந்தால் அது இன்னும் தயாராகவில்லை. செடியை நானே வளர்த்துக்கொள்கிறேன் என்று கிளம்பும் ஆட்களும் உண்டு. அது தனிப் பைத்தியம், சுருட்டக் கற்ற பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இப்போது பதம். இந்தப் பொழுதுபோக்கின் முக்கால் பங்கு இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

உங்களிடம் வந்து சேரும் இலை பெரும்பாலும் அப்பளம் போலக் காய்ந்திருக்கும். தொட்டாலே நொறுங்கும். காய்ச்சி வடித்த நீரை மிக மெல்லிய தூவலாக இலையின் மேல் தெளித்து, மூடக்கூடிய பிளாஸ்டிக் பையில் போட்டு, ஓர் இரவு விட்டுவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால் அது இலையில் தங்கிவிடும், அதனால் வடிநீர். இரண்டு நாளுக்கு மேல் ஈரத்தோடு பையில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்த இலையைத் துடைத்துப் பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். தூக்கிப் போடுங்கள்.

மூன்று அடுக்குக்கும் ஒரே பதம் ஆகாது. தொடங்குபவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இதுதான். ராப்பர் நன்றாக ஈரம் ஏறி, நனைத்துப் பிழிந்த பட்டுத்துணி மாதிரி இழுத்தால் இழுபட வேண்டும். பைண்டர் அதைவிடக் கொஞ்சம் வறண்டு, மெல்லிய தோல் மாதிரி வளைய வேண்டும். ஃபில்லர் மூன்றிலும் வறண்டது. கையில் மடக்கினால் சரசரவென்று லேசாகச் சத்தம் வர வேண்டும், ஆனால் உடையக் கூடாது. காதால் பார்க்கும் பதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சத்தமே வரவில்லை என்றால் ஈரம் அதிகம், இருபது நிமிடம் வெளியே பரப்பி வையுங்கள். பொடிப்பொடியாக விழுந்தால் ஒரு தூவல் தண்ணீர், மறுபடி பை.

ஈர ஃபில்லரை வைத்துச் சுருட்டும்போது அருமையாக இருக்கும். களிமண் போலக் கைக்கு அடங்கும், சுருட்டும் வழவழவென்று வரும். அதே குணத்தால் அது தன்மேலேயே அப்பிக்கொண்டு இடையிலிருந்த காற்றுவழியை எல்லாம் மூடிவிடும். என்னுடைய அந்த ஒன்பது சுருட்டும் அப்படித்தான் போயின. மறுபக்கமும் ஓர் ஆபத்து உண்டு: ஃபில்லர் மிகக் காய்ந்திருந்து, செய்த சுருட்டை ஈரப்பதம் கூடிய பெட்டியில் வைத்தால், உள்ளிருக்கும் இலை ஈரம் குடித்து உப்பி, ராப்பரைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

பதம் வந்ததும் நரம்பு எடுக்க வேண்டும். பைண்டருக்கும் ராப்பருக்கும் நடுநரம்பை முழுவதுமாக உரித்து, ஓர் இலையை இரண்டு பாதியாக்கிக்கொள்ளுங்கள். ஃபில்லருக்கு அடியிலிருந்து முக்கால் பங்கு நரம்பை உருவினால் போதும், நுனியில் இருப்பது மெல்லியது, எரிந்துவிடும். உருவிய இலை தவளையின் பின்னங்கால் மாதிரி இரண்டாகத் தொங்கும். வாங்கும் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்த நரம்பிலேயே போய்விடும் என்பதைக் கணக்கில் வையுங்கள். காய்ந்த இலையை உரித்தால் தூசி பறக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஈர இலையிலிருந்து நிகோட்டின் தோல் வழியாக உடம்பில் ஏறும். மணிக்கணக்காக வேலை செய்கிறீர்கள் என்றால் கையுறை போடுங்கள். ஒரு மாலை முழுக்க வெறும் கையால் உரித்துவிட்டு, தலைசுற்றலும் குமட்டலுமாக நான் படுத்துக் கிடந்திருக்கிறேன். அன்று ஒரு சுருட்டுகூடப் பற்றவைக்கவில்லை.

அடுத்து உள்ளே இலையை அடுக்குவது. 5 அங்குல நீளம், 50 ரிங் பருமன் உள்ள ரொபுஸ்தோ அளவில் தொடங்குங்கள். ரிங் என்பது அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. 50 ரிங் என்றால் விட்டம் ஏறக்குறைய 19.8 மி.மீ. மெல்லிய சுருட்டு சுலபம் என்று தோன்றும், உண்மையில் அதில்தான் சிறு முடிச்சுகூட வழியை அடைக்கும். பருமனான சுருட்டு பிழையை மன்னிக்கும். மூன்று அடுக்கும் சேர்த்து இந்த அளவுக்கு 12 முதல் 15 கிராம் வரை இலை பிடிக்கும்.

அடுக்குவதில் பல பாணிகள். இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் புத்தகம் மாதிரி மடிப்பது வேகமான வழி. ஆனால் முதுகுப்பக்கம் இறுகி, திறந்த பக்கம் தளர்ந்து, சுருட்டு ஒரு பக்கமாகவே எரியும். விசிறி மடிப்பாகக் கொசுவிக் கொசுவிச் சேர்ப்பது அதைவிட நல்லது, புடவைக் கொசுவம் வைக்கத் தெரிந்த கைக்கு உடனே வந்துவிடும். மூன்றாவது பாணியை எந்துபாதோ என்பார்கள். ஒவ்வோர் இலையையும் தனித்தனியே சிறு குழலாகச் சுருட்டி, குழல்களைக் கட்டாகச் சேர்ப்பது. நேரம் பிடிக்கும், ஆனால் நீளவாக்கில் காற்றுக்குத் தெளிவான வழி இருக்கும். எனக்குக் கொசுவமும் குழலும் கலந்த ஒன்றுதான் கைக்கு வந்தது. உங்கள் கை எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதோடு போங்கள்.

எந்தப் பாணியானாலும் மாறாதவை சில. இலையின் நுனி பற்றவைக்கும் முனைப்பக்கம் இருக்கட்டும், அடி வாய்ப்பக்கம். லிகேரோ எப்போதும் நட்டநடுவில். மெதுவாக எரியும் இலை ஓரத்தில் இருந்தால், அந்தப் பக்கம் மட்டும் எரியாமல் நின்று சுருட்டு ஓடம் மாதிரி குடைந்துகொண்டு போகும். நடுவில் இருந்தால் சுற்றியுள்ள இலைகளின் சூட்டில் அதுவும் எரிந்து, கனல் கூம்பாக நிற்கும். அப்புறம், கட்டை முறுக்கவே முறுக்காதீர்கள். இறுக்கமாக வர வேண்டும் என்ற ஆசையில் கை தானாகத் துணி பிழிகிற மாதிரி திருகும். ஈரத்துக்கு அடுத்தபடியாகச் சுருட்டை அடைப்பது இந்தத் திருகல்தான். கட்டின் நீளம் முழுக்க விரல்களால் அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி ஓர் இடம் தட்டுப்பட்டால் பிரித்து அந்தத் துண்டை எடுங்கள். பள்ளமாக இருந்தால் ஒரு சிறு துண்டு செருகுங்கள்.

பைண்டரைப் பலகையில் விரித்து, கட்டை ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் ஒரு மூலையில் வைத்து, லேசாக இழுத்தபடியே உருட்டுங்கள். கடைசியில் ஒரு பொட்டுப் பசை. பசைக்குப் பழங்களில் இருந்து எடுக்கும் பெக்டின் தூளைத் தண்ணீரில் குழைத்தால் போதும், சுருட்டுத் தொழிலாளர்கள் டிராககாந்த் பிசினும் பயன்படுத்துவார்கள். சுவையோ வாசமோ இல்லாத, சாப்பிடக்கூடிய ஒட்டுப்பொருள் எதுவும் சரி. காகிதம் ஒட்டும் பசை வேண்டாம், அதையும் சேர்த்துத்தான் இழுக்கப்போகிறீர்கள்.

பைண்டர் சுற்றிய கட்டினை மர அல்லது பிளாஸ்டிக் அச்சில் வைத்து அழுத்துவது வழக்கம். அரைமணிக்கு மேல் வைத்து, எடுத்துக் கால்வட்டம் திருப்பி, மறுபடி அரைமணி. திருப்பாவிட்டால் இரண்டு பக்கமும் மடிப்புக்கோடு விழும். அச்சு இல்லையா, அச்சிடாத வெள்ளைத்தாளில் இறுக்கிச் சுற்றி ஒரு மணி நேரம் வைத்தாலும் உருண்ட வடிவம் வந்துவிடும். ராப்பர் போடுவதற்கு முன் இந்தக் கட்டத்தில் வாயில் வைத்து, பற்றவைக்காமல் இழுத்துப் பாருங்கள். தொழிற்சாலைகளிலேயே கட்டுகளை உறிஞ்சு இயந்திரத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள், நமக்கு வாய் இருக்கிறது. கெட்டியாக இருந்தால் பிரித்து மறுபடி அடுக்குங்கள். ராப்பர் போர்த்திய பிறகு வருத்தப்பட்டுப் பயனில்லை.

ராப்பர் போடுவது அழகு வேலை, ஆனால் அதற்கும் ஒரு கணக்கு உண்டு. இடப்பாதி இலை ஒரு திசையிலும் வலப்பாதி எதிர்த்திசையிலும்தான் சுற்றும். அப்போதுதான் கிளை நரம்புகள் சுருட்டின் நீளத்தை ஒட்டி ஓடும். மாற்றிச் சுற்றினால் நரம்புகள் வளையம் வளையமாகப் புடைத்து நிற்கும். நரம்பு எடுப்பாகத் தெரியும் பக்கம் உள்ளே, வழவழப்பான பக்கம் வெளியே. கூரான கத்தியால் 4 முதல் 5 செ.மீ. அகலத்துக்கு, லேசான வளைவோடு ஒரு பட்டை வெட்டிக்கொள்ளுங்கள். பற்றவைக்கும் முனையில் தொடங்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தியதன் மேல் கொஞ்சம் ஏறும்படி, இழுத்து நீவியபடி வாய்ப்பக்கம் போங்கள். இழுக்கப் பயப்படுவதால்தான் சுருக்கம் விழுகிறது. நல்ல பதத்தில் இருக்கும் ராப்பர் நீங்கள் நினைப்பதைவிட அதிகம் தாங்கும். முடிவில் மீதியுள்ள நுனியைக் கொடிக்கம்பத்துக் கொடி மாதிரி வெட்டி வாய்முனையில் சுற்றி ஒட்டி, அதன்மேல் காசு அளவு வட்டத் துண்டு ஒன்றை ஒட்டினால் தொப்பி தயார். தொப்பி கோணலாக வந்தால் மனம் உடைய வேண்டாம், அதைத்தான் முதலில் வெட்டி எறியப்போகிறீர்கள்.

கருவிகளைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மரப்பலகை, கூரான கத்தி, தண்ணீர் தூவும் புட்டி, 0.1 கிராம் வரை காட்டும் தராசு. சாவெத்தா என்கிற அரைவட்டக் கத்தி கையில் இருந்தால் வெட்டுவது சுகமாக இருக்கும். பீட்சா வெட்டும் சக்கரமும் அதே வேலையைச் செய்கிறது. அச்சு இருபது சுருட்டு செய்த பிறகு வாங்கலாம், உங்களுக்கு எந்த அளவு பிடிக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

செய்த சுருட்டை அன்றே பிடிக்கலாம், சில மணி நேரத்துக்குள். அல்லது சில வாரம் பொறுக்க வேண்டும். நடுவில் ஒரு கெட்ட காலம் உண்டு. ஈரம் ஏறிய இலை உள்ளே மறுபடி கொஞ்சம் புளித்து அம்மோனியா விடும். அந்தச் சமயம் பற்றவைத்தால் நல்ல கலவைகூடக் கசக்கும், நீங்கள் அநியாயமாக இலையைக் குறை சொல்வீர்கள். நான் முதலில் சில நாள் திறந்த தட்டில் நிழலில் விட்டு, பிறகு 65% ஈரப்பதம் உள்ள பெட்டியில் ஆறு வாரம் வைக்கிறேன். வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நிம்மதி. அதற்கு மேலே போகப் போக, புகையிலையைத் துளைக்கும் சிறு வண்டின் முட்டைகள் பொரிக்கும் வாய்ப்பு கூடும். ஒரு வண்டு பெட்டி முழுவதையும் குண்டூசித் துளைகளாக்கிவிடும். வாங்கிய இலையைக் காற்றுப்புகாத பையில் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரியில் ஒரு வாரம் வைத்து, பிறகு ஒரு நாள் சாதாரணக் குளிர்பெட்டியில், அப்புறம் வெளியே என்று எடுத்தால் அந்தக் கவலை பெரும்பாலும் போய்விடும். உறைந்த இலையை வெளியே எடுத்த கையோடு தொடாதீர்கள், கண்ணாடி மாதிரி நொறுங்கும்.

இனி கலவை.

முதல் வேலை, கலக்காமல் இருப்பது. வாங்கிய ஒவ்வோர் இலையிலும் தனியாக, அதே இலையை மட்டும் வைத்து, விரல் அளவில் ஒரு குட்டிச் சுருட்டு செய்து பிடித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு ஒன்று. நான்கு விஷயம் குறித்துக்கொள்ளுங்கள்: என்ன வாசம், நாக்கில் எங்கே படுகிறது, எவ்வளவு காரம், தானாக எரிகிறதா அல்லது அணைந்து அணைந்து போகிறதா. கடைசி விஷயத்தை யாரும் எழுதுவதில்லை, ஆனால் கலவையை நிற்கவைப்பது அதுதான். ஒரு லிகேரோ மட்டும் வைத்துச் சுருட்டினால் எத்தனை தீக்குச்சி செலவாகிறது என்று ஒருமுறை பாருங்கள், வொலாடோவுக்கு ஏன் இடம் கொடுக்கிறார்கள் என்று புரிந்துவிடும். அது ருசிக்காக வருவதில்லை, எரிக்க வருகிறது.

பிறகு ஓர் எளிய அடித்தளம் வையுங்கள். ஃபில்லர் எடையில் பாதி செக்கோ, கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகமாக வொலாடோ, மீதி லிகேரோ. 10 கிராம் ஃபில்லர் என்றால் 5, 3, 2. இது வேதவாக்கு இல்லை, எங்கிருந்தாவது புறப்பட ஓர் இடம். அடுத்த சுருட்டில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். லிகேரோவை 1 கிராம் கூட்டலாம், அல்லது அதே அளவில் வேறு மண்ணின் இலையை வைக்கலாம். நிகராகுவாவின் எஸ்தெலிப் பகுதி இலை மிளகுக் காரமாக நிற்கும். அதே நாட்டின் ஹலாப்பா இலையில் இனிப்புத் தெரியும். டொமினிக்கன் குடியரசில் விளையும் ஓலோர் மெல்லிய, வறண்ட மணம். பிலோத்தோ அதைவிடச் செழிப்பு. இரண்டு மாற்றங்களை ஒன்றாகச் செய்தால் எது என்ன செய்தது என்று தெரியாது, நோட்டு இருந்தும் பயனில்லை.

காரமான இலைகளை எல்லாம் சேர்த்தால் பிரமாதமான சுருட்டு வரும் என்று நினைப்பது அநேகமாக எல்லோருக்கும் வரும் காய்ச்சல். எனக்கும் வந்தது. காரம் கூடியது, மணம் காணாமல் போனது, பாதியில் அணைந்தது.

ராப்பரைக் கலவைக்குள் சேர்த்தே யோசியுங்கள். கனெக்டிகட் ஷேட் இலையைத் துணிப்பந்தலுக்குக் கீழே வளர்க்கிறார்கள், அதனால் மெல்லியது, வெளிர்நிறம், வெண்ணெய் மாதிரி சாதுவான சுவை. எக்வடோரில் அந்தப் பந்தல் வேலையை மேகமே செய்துவிடுகிறது. கனெக்டிகட் பிராட்லீஃப், மெக்சிகோவின் சான் ஆந்த்ரேஸ் போன்றவை தடித்தவை, நீண்ட நாள் புளிக்க வைத்ததில் கறுத்து இனிப்பேறியவை. கறுப்பாக இருந்தால் காரமாக இருக்கும் என்பது தவறான எண்ணம், பல கறுப்பு ராப்பர்கள் சாதுவானவை. பழகும்போது எக்வடோர் ஹபானோ மாதிரி நடுத்தரத் தடிமன் உள்ளதை எடுங்கள். ஷேட் இலை கைநகம் பட்டாலே கிழியும்.

இன்னொன்று எனக்குத் தாமதமாக உறைத்தது. பருமன் மாறினால் கலவையும் மாறும். 42 ரிங்கிலிருந்து 50 ரிங்குக்குப் போனால் உள்ளே இடம் ஏறக்குறைய 42% கூடுகிறது, சுற்றளவு 19%தான் கூடுகிறது. அதாவது மெல்லிய சுருட்டில் ராப்பரின் குரல் உரக்கக் கேட்கும், பருமனானதில் ஃபில்லரின் குரல். ரொபுஸ்தோவில் அருமையாக அமைந்த கலவையை அப்படியே கொரோனா என்கிற மெல்லிய சுருட்டு அளவில் சுருட்டிவிட்டு, என்ன ஆயிற்று என்று நான் இரண்டு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நாமே செய்தது என்பதால் சுருட்டு உடம்புக்கு நல்லதாகிவிடாது. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து உண்டு. சுருட்டுப் புகையின் காரத்தன்மையால் நிகோட்டின் வாய்த்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறும். சோதனை என்ற பெயரில் பிடிக்கும் எண்ணிக்கை மெல்ல ஏறிவிடுவது இந்தப் பொழுதுபோக்கில் உள்ள உண்மையான அபாயம். எனக்கும் ஏறியது, அதன்பின் சுருட்டுவது எத்தனை ஆனாலும் பிடிப்பது வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டேன். குழந்தைகளும் வளர்ப்பு விலங்குகளும் இருக்கும் வீட்டில் இலையைப் பூட்டி வையுங்கள், தின்றால் விஷம். இலை வாங்குவது, வரவழைப்பது, விற்பது பற்றிய சட்டமும் வரியும் நாட்டுக்கு நாடு வேறு. உங்கள் இடத்தில் என்ன என்று வாங்கும் முன் பாருங்கள். செய்ததை விற்பதாக இருந்தால் அது வேறு கதை.

முதல் கட்டத்துக்கு இப்படி வாங்குங்கள்: செக்கோ அரைக் கிலோ, வொலாடோவும் லிகேரோவும் கால் கால் கிலோ, பைண்டர் கால் கிலோ. ராப்பர் மிகக் கொஞ்சம். ஏனென்றால் முதல் இருபது சுருட்டுக்கு ராப்பர் போடவே வேண்டாம். பைண்டரோடு நிறுத்தி, இழுத்துப் பார்த்து, பிரித்து, அதே இலையை மறுபடி பதம் பார்த்து அடுக்குங்கள். இருபதில் பதினைந்து தடையில்லாமல் இழுக்க வந்த அன்று ராப்பர் பையைத் திறந்தால் போதும்.